ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைக்கு: குச்சியா, ஒட்டா, பாட்டில் செடியா?

வாழப்பாடிக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு ஒரு ஏக்கர் பந்தல் தோட்டம் இருக்கிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பதினோரு வருஷமாகப் பாகலும் புடலையும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தார். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகக் கம்பம் போனவர், கூடலூர் சாலையோரம் பந்தல் முழுக்கக் கருங்கொத்தாகத் தொங்கிய பன்னீர் திராட்சையைப் பார்த்துவிட்டு வந்தார். பந்தல் நம்மிடமே இருக்கிறது, கொடியை மட்டும் மாற்றினால் போதுமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நான் எட்டு வருஷம் திசு வாழை லேபில் வேலை பார்த்தவள். அதனால் அவர் நேராக என்னிடம்தான் வந்தார். "ஏங்கண்ணு, வாழைக்கு லட்சக்கணக்குல கன்னு எடுக்கறீங்க. மாமனுக்கு ஒரு ஏக்கருக்குத் திராட்சை எடுத்துக் குடுக்க முடியாதா?"

"முடியுங்க மாமா. ஆனா எடுக்கணுமாங்கறதைக் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அந்த யோசனைக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. சேலம் மாவட்டத்தில் திராட்சை போட நினைக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழிகள் மூன்று. கம்பத்துக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுபோல, கவாத்தில் கழித்த குச்சியை வேர்ப்பிடிக்க வைத்து நடலாம். மகாராஷ்டிரத்தில் செய்வதுபோல, வேறு இனத்து வேர்ச்செடியின் மேல் நமக்கு வேண்டிய ரகத்தை ஒட்டுக்கட்டலாம். இல்லாவிட்டால், லேபில் கண்ணாடி பாட்டிலுக்குள் வளர்த்த திசுச் செடியைக் கொண்டுவந்து நடலாம். மூன்றிலும் பழம் ஒன்றுதான். மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகத்தைத்தான் நாம் பன்னீர் திராட்சை என்கிறோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முதலில் வாழையோடு வைத்துப் பார்க்கிற பழக்கத்தை விட வேண்டும். திசு வாழை ஜெயித்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒரு தாய் வாழை விடும் பக்கக்கன்று கொஞ்சம்தான். ஆயிரம் கன்று ஒரே நேரத்தில், ஒரே வயதில் கிடைப்பது கஷ்டம். இது ஒன்று. ஒரே வயதுக் கன்று நட்டால் தார் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வெட்டுக்கு வரும், வியாபாரியிடம் மொத்தமாகப் பேசலாம். இது இரண்டாவது. கிழங்கோடு வரும் கூன்வண்டும் நூற்புழுவும் லேப் கன்றில் வராது. இது மூன்றாவது.

திராட்சைக்கு முதல் காரணம் பொருந்தாது. ஒரு நல்ல தோட்டத்தில் ஒரு கவாத்து முடிந்தால் குச்சி மலைபோலக் குவியும். பாதியை அடுப்பெரிக்கத்தான் எடுத்துப் போகிறார்கள். செடிக்குப் பஞ்சமே இல்லாத பயிர் இது. இரண்டாவதும் பொருந்தாது. திராட்சை எப்போது பழுக்க வேண்டும் என்பதைக் கன்றின் வயது முடிவு செய்வதில்லை, கத்தரிக்கோல் முடிவு செய்கிறது. பன்னீர் திராட்சையை நாலைந்து மொட்டு விட்டுக் கவாத்து செய்தால், சுமார் நான்கு மாதத்தில் அந்தப் பந்தல் முழுக்க அறுவடைக்கு வரும். ஆகவே மிஞ்சுவது மூன்றாவது காரணம், அதாவது சுத்தம். திராட்சையில் லேபுக்கு வேலை இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

சுத்தம் என்று எதைச் சொல்கிறேன்? திராட்சையில் இலைச்சுருள் வைரஸ் என்று ஒன்று உண்டு. கறுப்புப் பழ ரகங்களில் இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, நரம்பு பச்சையாகவே நிற்க, நடுப்பகுதி சிவந்துபோகும். கொத்து பழுக்கத் தாமதமாகும், நிறம் முழுசாக ஏறாது, இனிப்பு குறையும். மாவுப்பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. ஆனால் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது நாம்தான், குச்சிக் கட்டாக. விசிறி இலை வைரஸும், தண்டில் கழலை கட்டும் பாக்டீரியாவும் இப்படியே குச்சிக்குள் ஒளிந்து பயணம் செய்பவை. வைரஸ் புகுந்த கொடிக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. கவாத்து முடிந்து இலை இல்லாமல் கட்டிவைத்த குச்சியைப் பார்த்து எந்த அனுபவசாலியாலும் வைரஸைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, அப்படியானால் லேப் செடிதானே பதில் என்று கேட்கத் தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திராட்சையை லேபில் எடுக்கிற சுலபமான வழி, ஒரு கணுவை வெட்டி ஊடகத்தில், அதாவது சத்து கலந்த கூழில், நிறுத்துவது. அந்தக் கணுவில் வைரஸ் இருந்தால் பாட்டிலுக்குள்ளும் இருக்கும். நாம் பெருக்கப் பெருக்க அதுவும் பெருகும். பாட்டில் பளிச்சென்று இருப்பது பூஞ்சையும் பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. வைரஸைக் கழிக்க வேண்டுமானால் தளிரின் உச்சியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்நுனியை, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தனியாக நறுக்கி எடுக்க வேண்டும். அதற்கு முன் தாய்ச்செடியைச் சில வாரம் 37, 38 டிகிரி வெப்பத்தில் வைத்திருப்பதும் உண்டு. அதன் பிறகும் எலைசா அல்லது ஆர்டி-பிசிஆர் சோதனை செய்து பார்த்தால்தான் கழிந்ததா இல்லையா என்று தெரியும். திசு வளர்ப்புச் செடி என்ற பெயரை மட்டும் நம்பி இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலை கொடுப்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இந்த நுனி வளர்ப்பின் கதை திராட்சையோடு பிணைந்தது. ஜார்ஜ் மொரேல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1944இலேயே திராட்சைத் திசுவைக் கண்ணாடிக்குள் வளர்த்துக் காட்டினார். அவரும் மார்ட்டினும் 1952இல் வளர்நுனி மூலம் டேலியாச் செடியிலிருந்து வைரஸைக் கழித்தார்கள். 1960இல் அதே முறையை மொரேல் ஆர்கிட் செடிக்குக் கொண்டுபோனார். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையின் ஆர்கிட் தோட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம் வரும்.

மாமாவுக்குப் பதில் சொல்லும் முன் நானே ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்தவர் லேபில் இரவு நேரத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாடிப் பந்தலில் இருந்த பன்னீர் கொடியில் இளந்தண்டு வெட்டி, ஒரு கணு ஒரு கணுவாக நறுக்கி, குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் அலசி, 70 சதவீத ஆல்கஹாலில் அரை நிமிடம், அப்புறம் சோடியம் ஹைபோகுளோரைட், அப்புறம் மூன்று முறை சுத்த நீர். ஊடகம் எம்எஸ் என்ற வழக்கமான சத்துக் கலவை, அதில் தளிரைத் தூண்டும் பிஏபி ஹார்மோன் லிட்டருக்கு 1 மில்லிகிராம். மொத்தம் 48 பாட்டில்.

நாலாம் நாள் பார்த்தபோது சிலவற்றில் தண்டின் அடியைச் சுற்றிப் பால் சிந்தியதுபோல ஒரு வெள்ளை வளையம். பாக்டீரியா. மாடித் தோட்டத்துத் தண்டுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது; வெளியே எவ்வளவு கழுவினாலும் போகாது. அப்படி 17 போயின. இன்னும் 9 பாட்டிலில் வெட்டுவாயிலிருந்து காப்பி டிகாக்‌ஷன்போலப் பழுப்பு இறங்கி, அகார் கூழ் நிறம் மாறி, கணு கருகிவிட்டது. திராட்சைத் தண்டில் பீனால் என்ற, வெட்டுப்பட்டால் பழுப்பாகும் பொருள் அதிகம்; ஊடகத்தில் கரித்தூளோ அஸ்கார்பிக் அமிலமோ சேர்த்தால் குறையும், முழுசாக நிற்காது. மிச்சம் 22. மூன்றாவது வாரம் அவற்றில் மொட்டு உடைந்து, நகக்கண் அளவு பச்சை இலை விரிந்தபோது, வாழையில் எட்டு வருஷம் பார்த்த எனக்கே அது புதுசாக இருந்தது.

கணக்குக்கு வருவோம். ஒரு சுற்றுக்கு ஐந்து வாரம் வையுங்கள். ஒரு தளிரைச் சுற்றுக்கு மூன்றாக்கினால், ஆறு சுற்றில் 729. அதாவது ஏழு மாதம். பன்னீருக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 670 கொடி வேண்டும். பல கணுவிலிருந்து தொடங்கினால் சுற்று குறையும். ஆனால் அழுகல், கருகல், அப்புறம் வெளியே எடுக்கும்போது சாவது எல்லாவற்றையும் கழித்தால் மறுபடி கணக்கு நீளும். அதன் மேல் வேர்விட ஒரு மாதம், கடினப்படுத்த இரண்டு மூன்று மாதம். ஆக ஒரு வருஷம். குச்சி வைத்தால் மூன்று மாதத்தில் நடவுக்குச் செடி தயார். ஒரு ஏக்கருக்காக லேபை நம்பி உட்காருவது எவ்வளவு பெரிய சுற்றுவழி என்று இதிலேயே தெரிந்துவிடும்.

கடினப்படுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேப் செடி சாவது பெரும்பாலும் இங்கேதான். பாட்டிலுக்குள் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அங்கே வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லிசு. இலைத்துளைக்கு மூடத் தெரியாது. முதல் தொகுதியில் 30 செடியை ஏப்ரலில் சேலத்திலேயே வெளியே எடுத்தேன். வேரில் ஒட்டியிருந்த அகாரைக் கழுவி, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில் வைத்து, மேலே பிளாஸ்டிக் டம்ளர் கவிழ்த்து, நிழல்வலைக்கு அடியில் வைத்தேன். இரண்டாம் நாள் மதியம் கரண்ட் போய், பனித்தெளிப்பு நின்றுவிட்டது. வலைக்குள் வெந்நீர்க் காற்று. ஒரு டம்ளரைத் தூக்கிப் பார்த்த பத்து நிமிடத்தில் இலை நனைந்த காகிதம்போலத் தொங்கிவிட்டது. அந்தத் தொகுதியில் பிழைத்தது ஆறு.

இரண்டாவது தொகுதியை அக்டோபரில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனேன். தோழியின் வீட்டுக் காப்பி நாற்றங்காலில் ஒரு ஓரம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே போனேன். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், வெளியே மஞ்சு. பாட்டிலை விட்டு வந்த செடிக்கு வித்தியாசமே தெரியவில்லை. 30இல் 25 நின்றன. ஆனால் மலையில் பழகிய செடியை மறுபடி வாழப்பாடி வெயிலுக்குப் பழக்க இன்னொரு மாதம் ஆனது. கடினப்படுத்தத்தான் மலை நல்லது. அங்கேயே திராட்சை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மஞ்சும் தூறலும் இலையை விட்டு இறங்காத இடத்தில் அடிச்சாம்பல் நோய்க்கு நாள் முழுக்க விருந்து. வீட்டுக்கு ஒரு கொடி போதும்.

அந்த 25 செடியிலும் ஒன்று கவனித்தேன். குச்சியிலிருந்து வந்த கொடி சீக்கிரமே பற்றுக்கம்பி விட்டுக் கம்பியைப் பிடிக்கப் பார்க்கும். பாட்டில் செடியில் முதல் பல கணுக்களில் பற்றுக்கம்பியே இல்லை. இலையும் வழக்கம்போல இரண்டு வரிசையாக இல்லாமல் தண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. விதையிலிருந்து முளைத்த கன்று இப்படித்தான் இருக்கும். லேபில் வளர்ந்தால் கொடி மறுபடி குழந்தையாகிவிடுகிறது என்று எங்கள் பாடத்தில் படித்தது இதுதான். திராட்சையில் பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே உறுப்பின் இரண்டு வடிவம். பற்றுக்கம்பி தாமதமானால் காய்ப்பும் தாமதமாகலாம். மாமா வட்டிக்குப் பணம் எடுத்துத்தான் சொட்டுநீர் போடப்போகிறார். ஒரு பருவம் தள்ளிப்போவது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் மேலே, மாமாவின் தோட்டத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்தது மண்ணுக்கு அடியில் இருந்த ஒரு விஷயம்.

ஒரு நாள் கடைசிப் பாகல் கொடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு செடியை எடுத்து வேரைத் தண்ணீரில் அலசிக் காட்டச் சொன்னேன். வேர் முழுக்கக் கடுகும் மிளகும் கோத்ததுபோல முடிச்சு. "இது எப்பவும் இருக்கறதுதானே கண்ணு" என்றார். வேர்முடிச்சு நூற்புழு. பாகல், புடலை, தக்காளி, கத்தரி எல்லாமே அதற்குப் பிடித்த பயிர்கள். பதினோரு வருஷம் பந்தல் காய்கறி போட்ட மண்ணில் அது நிறைந்துதான் கிடக்கும். பன்னீர் திராட்சையின் சொந்த வேரையும் அது விடாது. குச்சி வைத்தாலும் அதே வேர்தான், லேபில் எடுத்தாலும் அதே வேர்தான். லேப் செடி நூற்புழு இல்லாமல் வந்து சேரும், வந்த இடத்தில் நூற்புழு காத்திருக்கும். போர் தண்ணீரும் அங்கே உப்பு. சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளை படிந்திருப்பதை நீங்களே பார்க்கலாம்.

ஆகவே வேரைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு வழி ஒட்டு மட்டுமே. டாக்ரிட்ஜ் என்பது வைட்டிஸ் சாம்பினி என்ற வேறொரு திராட்சை இனத்து வேர்ச்செடி ரகம். உப்பு, வறட்சி, நூற்புழு மூன்றையும் தாங்கும் வேர் அதற்கு. மகாராஷ்டிரத்துத் தோட்டங்களில் பிப்ரவரி, மார்ச்சில் வேர்ச்செடியை நட்டுவிட்டு, பென்சில் பருமன் ஆனதும் செப்டம்பர், அக்டோபரில் வயலிலேயே ஆப்பு ஒட்டு கட்டுகிறார்கள். குறையும் உண்டு. டாக்ரிட்ஜ் முரட்டு வளர்ச்சி; தழையாக ஓடிக் காய்ப்பைக் குறைக்கலாம். தழைச்சத்தையும் தண்ணீரையும் கட்டுப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவு உப்பு இல்லாத இடத்தில் 110ஆர் என்ற வேர்ச்செடியையும் கேட்டுப் பார்க்கலாம். ஒட்டு கட்டிய இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண் அணைக்கிறேன் என்று அதை மூடிவிட்டால் மேலே உள்ள பன்னீர் சொந்த வேர் விட்டுவிடும். ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

லேபுக்கு நான் மதிப்புக் கொடுக்கிற இன்னொரு இடமும் இங்கேதான் வருகிறது. டாக்ரிட்ஜ் குச்சி சுலபத்தில் வேர் விடாது, நாற்றங்காலில் நிறையச் செத்துப்போகும். பாட்டிலுக்குள் அதை வேர்விட வைக்க முடிந்தால் அது உண்மையான உதவி. சேலத்துப் பக்கம் திராட்சை லேப் ஆரம்பிக்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: பன்னீரைப் பெருக்கி விற்காதீர்கள், வேர்ச்செடியைப் பெருக்குங்கள், சோதித்த தாய்ச்செடியை விற்பனை செய்யுங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் தொடங்கிய திசு வளர்ப்புச் செடிச் சான்றளிப்பு முறைக்குள் உங்கள் லேபைக் கொண்டுவாருங்கள். வாங்குகிறவர்களும் லேபில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கணுவில் எடுத்ததா, வளர்நுனியில் எடுத்ததா? எந்தெந்த வைரஸுக்குச் சோதித்தீர்கள்? சோதித்த தாளைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடலாம்.

குச்சியை நான் மட்டமாகச் சொல்லவில்லை. இதுவரை காய்கறி போடாத மண், நல்ல கிணற்றுத் தண்ணீர், கையில் பணம் கம்மி என்றால் குச்சிதான் என் முதல் யோசனை. ஆனால் கட்டாக விற்பதை வாங்காதீர்கள். அறுவடை நேரத்தில் தோட்டத்துக்கு நேரில் போங்கள். கொத்து நிறைந்து, நிறம் சமமாக ஏறி, இலை சிவக்காத கொடியாகப் பார்த்துத் துணி கட்டிவிட்டு வாருங்கள். கவாத்து அன்று அந்தக் கொடியில் முற்றிய, பென்சில் பருமன் குச்சியை மூன்று நாலு கணுவோடு வெட்டி, அடி வெட்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வைத்து, ஐபிஏ என்ற வேர் தூண்டும் ஹார்மோன் கரைசலில் முக்கிப் பையில் நடுங்கள். தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குச்சி வாங்கப் போகிறவர்கள் அங்கே ஒரு எட்டு போய்ப் பேசிவிட்டு வந்தால் நிறையத் தெளியும்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரு மாலை உட்கார்ந்து சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப உன் பாட்டில் செடி வேணாங்கற" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"வேணுங்க மாமா. 670 வேணாம், பன்னெண்டு போதும்."

எங்கள் ஏற்பாடு இப்படி. ஏக்கர் முழுக்க டாக்ரிட்ஜ் வேர்ச்செடி. மேலே ஒட்டுவதற்கான பன்னீர் குச்சியை, இலை மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, வைரஸ் இல்லை என்று வந்த கொடிகளிலிருந்து மட்டும் எடுப்பது. அதே கொடிகளின் வளர்நுனியிலிருந்து நான் பன்னிரண்டு செடி எடுத்து, மறுபடி சோதித்து, பூச்சி புகாத வலைக்குள் தொட்டியில் வைத்து வளர்ப்பது. அவை பழத்துக்கு இல்லை, குச்சிக்கு. செடி செத்துப்போன இடத்தை நிரப்பவும், பிறகு பக்கத்து அரை ஏக்கருக்கு விரிவாக்கவும் ஒட்டுக்குச்சி அதிலிருந்து வரும். எறும்பு ஏறினால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும் என்பதால் தொட்டிகளைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்திருக்கிறோம். தினமும் காலையில் அந்தத் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தை.

பாகல் வேர் ஒன்று விடாமல் பொறுக்கி எரித்தாகிவிட்டது. இப்போது வரிசைகளில் சணப்பும் நடுநடுவே செண்டுமல்லியும் நிற்கின்றன. செண்டுமல்லி நூற்புழுவைக் கொஞ்சமாவது குறைக்கும். சணப்பை மடக்கி உழுதபின் இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் கால்வாய் எடுக்க ஆள் சொல்லியிருக்கிறார். வேர்ச்செடி வருவது ஜூனில்.